இறங்கு கயிற்றில் மயங்கியவர்: லெவல் 1 மீட்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ரோப் அக்சஸ், அதாவது கயிற்றில் தொங்கி உயரத்தில் செய்யும் வேலைக்குப் புதிதாக வருபவர் கற்றுத் தேற வேண்டிய முதல் மீட்பு இது. பக்கத்துக் கயிற்றில், டிசெண்டரில் (கயிற்றில் இறங்க உதவும் கருவி) தொங்கிக்கொண்டிருந்தவர் நினைவிழந்துவிட்டார். அவரிடம் போய்ச் சேர வேண்டும், அவர் எடையைத் தன் டிசெண்டருக்கு மாற்ற வேண்டும், இருவருமாகத் தரைக்கு இறங்க வேண்டும். ஐராட்டா (ரோப் அக்சஸ் தொழிலின் பன்னாட்டுச் சங்கம்) முறையில், மூன்று நிலைகளில் முதலாவதான லெவல் 1-க்குக் குறைந்தது 4 நாள் பயிற்சி. அதன்பின் பயிற்சி தந்தவர் அல்லாத வேறொரு மதிப்பீட்டாளர் முன்னால் 1 நாள் தேர்வு. அந்தத் தேர்வில் இந்த மீட்பைச் செய்துகாட்டாமல் யாரும் தேற முடியாது.

ஆனாலும், 8 மீட்டர் உயரப் பயிற்சிக் கூடத்தில் பிசகில்லாமல் செய்துகாட்டியவர், 30 மீட்டர் கயிற்றுக்குக் கீழே அதே வேலையை அதே வரிசையில் செய்து நடுவழியில் மாட்டிக்கொள்கிறார். பயந்ததாலோ மறந்ததாலோ மட்டும் இப்படி ஆவதில்லை. 30 மீட்டர் கயிறு நீள்வது வேறு, 8 மீட்டர் கயிறு நீள்வது வேறு. இந்த ஆய்வு முழுக்க அந்த வித்தியாசத்தைச் சுற்றியே போகிறது.

இங்கே எடுத்துக்கொண்டது நடந்த விபத்து ஒன்றின் அறிக்கை அல்ல. இந்த மீட்பில் திரும்பத் திரும்ப நேரும் பிழைகளை ஒரே இடத்தில் பார்ப்பதற்காக வகுத்த பயிற்சி நிகழ்வு. அதை இரண்டு ஓட்டமாகப் பார்ப்போம்: முதல் ஓட்டம் சிக்கி நிற்கிறது, இரண்டாவது தரையைத் தொடுகிறது.

களம்

48 மீட்டர் உயரச் சுவர். கயிறுகளைக் கட்டும் ஆங்கர்கள் மொட்டை மாடியில். ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறு: எடையைத் தாங்கும் வேலைக் கயிறு ஒன்று, விழுந்தால் கவ்விப் பிடிக்கும் பேக்அப் கருவி ஓடும் காப்புக் கயிறு ஒன்று. எல்லாமே ஈஎன் 1891 என்ற ஐரோப்பியத் தரத்தின், குறைவாக நீளும் ஏ வகைக் கயிறுகள், ஒவ்வொன்றும் 50 மீட்டர். ஆங்கரில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். விளிம்பில் காப்புறை உண்டு. இரண்டு லெவல் 1 ஆட்கள் 2 மீட்டர் இடைவெளியில் இறங்கி வேலை செய்கிறார்கள். லெவல் 3 மேற்பார்வையாளர் மாடியில் இருக்கிறார். லெவல் 1 ஆள் லெவல் 3 மேற்பார்வை இல்லாமல் கயிற்றில் இறங்கக் கூடாது என்பது அடிப்படை விதி.

ஆங்கரிலிருந்து 30 மீட்டர் கீழே, அதாவது தரைக்கு 18 மீட்டர் மேலே, ஒருவர் வேலையை நிறுத்திவிட்டார். டிசெண்டரின் கைப்பிடி பூட்டிய நிலையில் இருக்கிறது. தலை மார்பில் சாய்ந்துவிட்டது, கைகள் தொங்குகின்றன. பேக்அப் கருவி அவர் இடுப்பு இணைப்புக்கு 40 செ.மீ. மேலே காப்புக் கயிற்றில் நிற்கிறது; அதை அவருடைய ஹார்னஸோடு (உடலில் அணியும் பட்டைகள்) இணைக்கும் லேன்யார்டின் நீளம் 60 செ.மீ. மீட்கப்போகிறவர் இவருக்கு 6 மீட்டர் மேலே, பக்கத்துக் கயிறுகளில் இருக்கிறார். இருவருக்கும் கருவிகளோடு சேர்த்துத் தலா 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஓட்டம்

தொடக்கம் சரியாகவே இருந்தது. “அண்ணே, கேக்குதா? கையை அசைங்க” என்று இரண்டு முறை கூப்பிட்டார், பதில் வரவில்லை. ரேடியோவில் மேற்பார்வையாளரிடம் மூன்றே செய்தி: யார், எந்த உயரத்தில், நினைவு இல்லை. அவரைச் சாய்த்தது எதுவோ அது தன்னையும் சாய்க்குமா என்று சுற்றிலும் பார்த்தார்: மின்கம்பி, நச்சுவாயு, மேலிருந்து விழும் பொருள், வெயில். இந்தப் பார்வைக்கு 10 விநாடி போதும். இதைத் தாண்டி ஓடுகிறவர்களால் தொங்குகிறவர்கள் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாகிவிடும்.

பிறகு 6 மீட்டர் இறங்கி, பாதிக்கப்பட்டவரின் நேர் எதிரே முகத்துக்கு முகம் நின்றார். தன் ஹார்னஸிலிருந்து தொங்கும் குட்டைக் கயிறான கவ்ஸ்டெயிலை நீட்டி அவருடைய மார்பு வளையத்தில் மாட்டி அருகே இழுத்துக்கொண்டார். அடுத்து 60 செ.மீ. ஸ்லிங் (பட்டை வளையம்) ஒன்றை எடுத்துத் தன் டிசெண்டர் கரபைனரிலிருந்து (பூட்டுள்ள இணைப்பு வளையம்) அவர் இடுப்பு இணைப்புக்கு மாட்டினார். பாதிக்கப்பட்டவரின் டிசெண்டரைத் திறந்து அவரைக் கீழிறக்கத் தொடங்கினார்.

ஓரளவு இறங்கியதும் நின்றுவிட்டது.

கைப்பிடியை இன்னும் இழுத்தார். டிசெண்டருக்கு மேலே கயிறு தொய்ந்ததே ஒழிய ஆள் இறங்கவில்லை. பார்த்தால், பாதிக்கப்பட்டவரின் பேக்அப் கருவி காப்புக் கயிற்றைக் கவ்விவிட்டது. எடையில் பெரும்பங்கு அதன் லேன்யார்டில். ஸ்லிங்குக்கு முழு எடை வரவே இல்லை. டிசெண்டர் வெறுமனே இருக்கிறது. அவரைத் தூக்கினால்தான் பேக்அப் விடும். நினைவில்லாத 100 கிலோ ஆளைத் தூக்குவது லெவல் 1 பாடத்தில் இல்லாத வேலை. கால்வளையமும் கப்பியும், கயிற்றில் ஏற உதவும் கருவியான அசெண்டரும் வேண்டும். மேற்பார்வையாளர் ஓட்டத்தை நிறுத்தினார்.

கணக்கு எளிது. பேக்அப் கருவி இடுப்புக்கு 40 செ.மீ. மேலே, லேன்யார்ட் 60 செ.மீ. அப்படியானால் பேக்அப் கவ்வும் முன் அவர் கீழே போக மிச்சம் இருந்தது 20 செ.மீ. மட்டும். தேவைப்பட்டதோ ஒன்றரை மீட்டர். அந்த ஒன்றரை மீட்டர் எப்படி வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கயிறு எவ்வளவு நீளும்

ஈஎன் 1891 தரத்தில், கயிற்றில் சுமை 50 கிலோவிலிருந்து 150 கிலோவாகக் கூடும்போது நீட்சி 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வேலையில் புழங்கும் கயிறுகள் பலவும் இதற்குள் 3 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். தன் கயிற்றின் எண் என்ன என்பது உற்பத்தியாளர் தரும் தாளில் இருக்கும். 3 விழுக்காடு என்றே எடுத்துக்கொள்வோம்.

8 மீட்டர் கூடத்தில் இன்னொரு 100 கிலோ ஏறினால் கயிறு 24 செ.மீ. நீளும். ஒரு சாண் சொச்சம், யாரும் கவனிப்பதில்லை. 30 மீட்டரில் அதுவே 90 செ.மீ. பாதிக்கப்பட்டவரின் எடை மீட்பவரின் கயிற்றுக்கு வர வர, மீட்பவர் மெதுவாக 90 செ.மீ. கீழே அமிழ்கிறார். அவரோடு மாட்டியிருக்கும் பாதிக்கப்பட்டவரும் அதே அளவு இறங்கியாக வேண்டும். அது முடியும்வரை எடை முழுதாக மாறியிருக்காது.

இன்னொரு பாதியும் உண்டு. பாதிக்கப்பட்டவரின் வேலைக் கயிறு அதுவரை அவர் எடையில் ஏறக்குறைய 90 செ.மீ. நீண்டு கிடந்தது. எடை குறையக் குறைய அது மேலே சுருங்குகிறது. எனவே அவர் 90 செ.மீ. இறங்குவதற்கு, அவருடைய டிசெண்டர் வழியாக 1 மீட்டர் 80 செ.மீ. கயிறு ஓட வேண்டும். இதை அறியாதவர் கைப்பிடியை இழுக்கிறார், கயிறு ஓடுகிறது, ஆனால் ஆள் இறங்கியது போலவே தெரியவில்லை. உடனே ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்துகிறார், அல்லது பொறுமையிழந்து கைப்பிடியை முழுக்க இழுக்கிறார். இரண்டுமே தவறு.

தரையிலிருந்து நீளக் கயிற்றில் ஏறத் தொடங்கும்போது முதல் சில இழுப்புகளுக்குக் கால் தரையை விட்டுக் கிளம்பாது. அசெண்டர் ஏறிக்கொண்டே போகும், ஆள் அங்கேயே நிற்பார். ஏறியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மீட்பில் நடப்பதும் அதேதான், திசை மட்டும் தலைகீழ்.

முதல் ஓட்டத்தில் இதோடு இன்னொரு 60 செ.மீ. சேர்ந்துகொண்டது. மீட்பவர் சம உயரத்தில் நின்று நீளமான ஸ்லிங்கை மாட்டினார். அது இறுகவே பாதிக்கப்பட்டவர் 60 செ.மீ. இறங்க வேண்டும், அதன்பின்தான் நீட்சிக் கணக்கே தொடங்கும். 60-ம் 90-ம் சேர்ந்து 150. பேக்அப் தந்ததோ 20.

அந்த ஸ்லிங்கால் இன்னொரு தொல்லையும் உண்டு. அப்படியே எடை மாறியிருந்தாலும் பாதிக்கப்பட்டவரின் இடுப்பு மீட்பவரின் முழங்கால் மட்டத்துக்குப் போய்விடும். அவர் தலையைத் தாங்க முடியாது, மூச்சு வருகிறதா என்று பார்க்க முடியாது, சுவரில் மோதாமல் தள்ளிப்பிடிக்கவும் முடியாது. இணைப்பு குட்டையாக இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான்.

இரண்டாவது ஓட்டம்

இம்முறை எடையைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவற்றுக்கு அதிக நேரம் கொடுக்கப்பட்டது. பார்ப்பவருக்கு மெதுவாகத் தெரியும்; உண்மையில் இதுதான் வேகமான வழி.

அருகே போவது. மீட்பவர் 6 மீட்டரும் இறங்காமல், தன் டிசெண்டர் பாதிக்கப்பட்டவரின் இடுப்பு இணைப்பைவிட ஒரு முழங்கை அளவு உயரத்தில் இருக்கும்படி நின்றார். கொஞ்சம் மேலே நின்றுவிட்டால் பிறகு இறங்கிச் சரிசெய்துகொள்ளலாம். கீழே போய்விட்டால் ஏற வேண்டும், அதற்கு டிசெண்டரைக் கழற்றி அசெண்டருக்கு மாற வேண்டும். வீணாகப் போவது அந்த நிமிடங்கள்தான். கயிறுகள் 2 மீட்டர் தள்ளி இருந்தாலும் 30 மீட்டர் ஆழத்தில் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொள்ளப் பெரிய பலம் வேண்டாம். கவனிக்க வேண்டியது மேலே: பக்கவாட்டில் இழுக்கும்போது எடை தாங்கிய கயிறு விளிம்பில் குறுக்கே நகரும். காப்புறை குறுகலாக இருந்தால் கயிறு அதிலிருந்து வெளியே வந்து வெறும் கான்கிரீட்டில் உராயும். மாடியில் இருக்கும் மேற்பார்வையாளர் அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது கீழே இருப்பவர்களை அல்ல, அந்த விளிம்பை.

சேர்ந்ததும் முதல் கை தலைக்கு. மார்பில் கவிழ்ந்த தலையை நிமிர்த்தினால் மூச்சுவழி திறக்கும். மூச்சு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். கழுத்தில் அடிபட்டிருக்குமோ என்ற ஐயம் இருந்தாலும் மூச்சுவழிக்கே முதலிடம்.

மாட்டுவது. முதலில் தன் கவ்ஸ்டெயில் அவருடைய மார்பு வளையத்துக்கு. இது இரண்டாவது பிடிமானம், அவரை நிமிர்த்தியும் வைக்கும். அடுத்து எடை தாங்கப்போகும் குட்டை இணைப்பு: இரண்டு கரபைனர்களைக் கோத்தது, அல்லது அந்த நீளத்தில் தைத்த குட்டை ஸ்லிங். தன் டிசெண்டர் கரபைனரிலிருந்து அவர் இடுப்பு இணைப்புக்கு. எடை டிசெண்டர் கரபைனருக்கே போக வேண்டும், மீட்பவரின் ஹார்னஸ் வழியாகப் போகக் கூடாது; போனால் இரண்டு ஆள் எடை அவர் இடுப்பை நசுக்கும். மாட்டிய பின் அந்தக் கரபைனரைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். டிசெண்டர், தன் ஹார்னஸ், புதிய இணைப்பு என்று மூன்று பக்கம் இழுபடும்போது கரபைனர் புரண்டு எடை வாய்ப்பகுதியில் விழலாம். கரபைனர் தாங்கக் கூடியது நெடுக்காக விழும் எடையை. வாயில் விழுவதை அல்ல. பூட்டுகள் எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

இப்போது குட்டை இணைப்பில் தொய்வு 5 செ.மீ.தான். முதல் ஓட்டத்தின் 60 செ.மீ. போயே போயிற்று.

தன் டிசெண்டரைத் தயார்செய்வது. இரண்டு ஆள் எடைக்குப் பிடிக்கயிற்றை (டிசெண்டருக்குக் கீழே கையில் பிடிக்கும் பகுதி) இன்னொரு கரபைனர் வழியாகத் திருப்பிவிட்டுக் கூடுதல் உராய்வு கொடுக்க வேண்டும். இதை எடை ஏறும் முன்பே செய்வது நல்லது. ஏறிய பிறகும் டிசெண்டரைப் பூட்டிவிட்டுச் செய்யலாம், ஆனால் அப்போது முன்னால் ஒரு ஆள் தொங்குவார், கை அங்கே போகாது, அவசரத்தில் மறந்தும் போகும். கூடுதல் கரபைனரை எங்கே மாட்ட வேண்டும் என்பது டிசெண்டருக்கு டிசெண்டர் மாறும். அதன் கையேட்டில் இரண்டு ஆள் மீட்புக்கென்று தனிப்படமும் எடை வரம்பும் இருக்கும். பேக்அப் கருவிக்கும் விழும்போது தையல் பிரிந்து அதிர்ச்சியை ஏற்கும் அதன் அதிர்வுத்தாங்கிக்கும் அப்படியே. ஒரு ஆளுக்கு மட்டும் என்று குறித்த அதிர்வுத்தாங்கியோடு மீட்புக்கு இறங்குவது திட்டமிடும் மேசையிலேயே நடந்த பிழை, கயிற்றில் நடந்ததல்ல.

பாதிக்கப்பட்டவரின் பேக்அப்பைத் தாழ்த்துவது. முதல் ஓட்டத்தில் விட்டுப்போன அசைவு இதுதான். கருவியைக் காப்புக் கயிற்றில் கீழே நகர்த்தி, லேன்யார்ட் நேராகத் தொங்கும்படி இடுப்புக்கு 60 செ.மீ. கீழே கொண்டுபோய் வைத்தார். இப்போது லேன்யார்ட் மேல்நோக்கி இறுகுவதற்குள் அவர் 120 செ.மீ. இறங்கலாம். தேவை 95. போதும்.

சாதாரண வேலையில் பேக்அப்பை இப்படித் தாழ்த்துவது பெரும் தவறு; விழுந்தால் விழும் தூரம் கூடிவிடும். இங்கே அதற்கு இடம் உண்டு என்றால், அவர் ஏற்கெனவே மீட்பவரோடு இரண்டு இணைப்பில் இருக்கிறார் என்பதால் மட்டுமே. வரிசை மாறினால், அதாவது மாட்டுவதற்கு முன்பே பேக்அப்பைத் தாழ்த்தினால், அவரைக் காப்பு இல்லாமல் விட்டதற்குச் சமம். தானாகக் கூடவே ஓடும் வகைக் கருவியாக இருந்தால் தாழ்த்தத் தேவையில்லை; மெதுவாக இறக்கினால் கூடவே வரும். ஆனால் ஆள் சரிந்தபோது அது ஏற்கெனவே கவ்வியிருக்கலாம். கையால் ஒருமுறை மேலே நகர்த்தி விடுவித்துவிட்டுத் தொடங்க வேண்டும். கயிறு இன்னும் நீளமென்றால், 120 செ.மீ. போதவில்லை என்றால், கொஞ்சம் இறக்கி, நிறுத்தி, பேக்அப்பை மீண்டும் தாழ்த்தி, மறுபடி இறக்கலாம்.

எடை மாற்றுவது. எதிரில் இருப்பவரின் டிசெண்டர் நம் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பழகிய கைக்கு எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலம் மாறும். கைப்பிடியைத் தொடும் முன் ஒரு கை அவருடைய பிடிக்கயிற்றில் இறுகியிருக்க வேண்டும். அந்தக் கயிறு அவருடைய கருவிப்பையிலோ காலிலோ சுற்றியிருந்தால் முதலில் அதை விடுவிக்க வேண்டும். கைப்பிடியை மிகுதியாக இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் வகை டிசெண்டர் என்றால், எடை குறையக் குறைய அது விடும் இடம் நகர்ந்துகொண்டே போகும். கை அதைத் தேடிக்கொண்டே போக வேண்டும்.

இறக்கும்போது மீட்பவர் தான் அமிழ்வதை உணர்வார். அமிழ வேண்டும், அதுதான் எடை மாறுவதன் அடையாளம். அவருடைய காப்புக் கயிற்றில் எடை இல்லாததால் அது நீள்வதில்லை. ஆகவே அவருடைய சொந்தப் பேக்அப்பும் இந்த 90 செ.மீ.க்கு அவரோடு கீழே வர வேண்டும். வேகமாக இறக்கினால் அது கவ்விக்கொள்ளும்; பிறகு இரண்டு பேர் எடையோடு ஒரே பேக்அப்பில் தொங்க வேண்டிவரும். இழுத்து நகர்த்தும் வகைப் பேக்அப் என்றால் எடை மாற்றத்தைத் தொடங்கும் முன்பே தேவையான அளவு தாழ்த்திவைக்க வேண்டும்.

இருவர் எடையும் தன் கயிற்றில் வந்ததும் இருவரும் மீட்பவரின் ஆங்கருக்கு நேர் கீழே மெல்ல ஊசலாடிப் போவார்கள். கால் சுவரில் ஊன்றியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தன்னைத் தடுத்துக்கொள்ள மாட்டார்.

கழற்றுவது. அவருடைய வேலைக் கயிறு தொய்ந்துவிட்டது என்பதைக் கையால் இழுத்து உறுதிசெய்த பிறகு டிசெண்டரைக் கழற்றினார். இறுதியாகப் பேக்அப்பைக் கழற்றினார். இந்த வரிசையில் மாற்றமே கூடாது: காப்பு எப்போதும் கடைசி. கத்தியால் கயிற்றை அறுத்து வேலையைச் சுருக்கும் எண்ணம் லெவல் 1 ஆளுக்கு வரவே கூடாது. எடையில் இறுகிய கயிறு கத்தி பட்டதும் தெறித்துப் போகும். பக்கத்தில் ஒரே நிறத்தில் நான்கு கயிறு இருக்கிறது.

இறங்குவது. 18 மீட்டரை ஒரே வேகத்தில், வெட்டி இழுக்காமல், ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்து இறங்கினார். ஒரு கை பிடிக்கயிற்றில், ஒரு கை கைப்பிடியில்; தலையைத் தாங்குவதற்குத் தோளும் முழங்கையும்தான் மிச்சம். தாடை மறுபடி கவிழ்ந்தால் நிற்க வேண்டும், டிசெண்டரைப் பூட்ட வேண்டும், தலையை நிமிர்த்த வேண்டும், பிறகு இறங்க வேண்டும்.

கயிறு அறுந்துவிடுமோ என்ற பயம்

புதியவர்கள் பலர் இரண்டு ஆள் எடையைக் கண்டு கயிற்றுக்காகவே பயப்படுகிறார்கள். ஏ வகைக் கயிறு முடிச்சில்லாமல் குறைந்தது 22 கிலோநியூட்டனும், முனையில் முடிச்சுப் போட்டோ தைத்தோ இருக்கும்போது 15 கிலோநியூட்டனும் தாங்க வேண்டும் என்பது தரம். 200 கிலோ அசையாமல் தொங்கினால் அது ஏறக்குறைய 2 கிலோநியூட்டன். எடைக்கு இடம் தாராளமாக இருக்கிறது. பயப்பட வேண்டியது வேறு இரண்டு: காப்பில்லாத விளிம்பும், தொய்வோடு வந்து விழும் எடையும். மேலே சொன்ன அத்தனை மெதுவும் அத்தனை குட்டை இணைப்பும் அந்த இரண்டையும் தவிர்க்கத்தான்.

மேலிருந்தே இறக்கியிருக்கலாமே?

இருக்கலாம். இந்த நிகழ்வின் உண்மையான குறை அங்கேதான் என்பது எங்கள் கருத்து. ஆங்கரில் எட்டு வடிவ முடிச்சுக்குப் பதிலாக இரண்டு கயிற்றையும் டிசெண்டர் வழியாகப் போட்டுப் பூட்டிக் கட்டியிருந்தால், மாடியில் நிற்பவர்கள் பூட்டைத் திறந்து அவரை அப்படியே தரைக்கு இறக்கியிருப்பார்கள். யாரும் அவரிடம் போக வேண்டாம், எடை மாற்ற வேண்டாம், நீட்சிக் கணக்கும் வேண்டாம்.

ஆனால் அதற்குக் கயிறு வேண்டும். 48 மீட்டர் சுவரில் 50 மீட்டர் கயிறு தொங்கினால் மேலே மிச்சம் எதுவும் இல்லை. எந்த உயரத்தில் மயங்கினாலும் இறக்க முடிய வேண்டுமென்றால் தொங்கும் நீளம் போக இன்னும் ஏறக்குறைய அதே நீளம் மேலே சுருட்டி இருக்க வேண்டும். இங்கே 100 மீட்டர்க் கயிறு. இரண்டு கயிற்றையும் ஒரே வேகத்தில் விட இரண்டு கை வேண்டும்; காப்புக் கயிறு பிந்தினால் பேக்அப் கவ்விக்கொள்ளும், பழைய கதைதான். எடை தாங்கிய கயிறு விளிம்பின் மேல் 18 மீட்டர் ஓடப்போகிறது, எனவே அங்கே துணிக் காப்புறை போதாது, உருளை இருந்தால் நல்லது. வழியில் சன்னல் மேடை, குழாய், கம்பி இருந்தால் நினைவில்லாதவர் அதில் சிக்குவார். யாராவது பக்கத்தில் இறங்கி வழிகாட்ட வேண்டும். இவை எல்லாம் சரியாக இருக்கும் சுவரில், மேலிருந்து இறக்குவதே முதல் தேர்வு. ஆளிடம் போய் எடுப்பது இரண்டாவது.

தரையில்

ஹார்னஸில் அசையாமல் தொங்குபவரின் கால் தசைகள் வேலை செய்வதில்லை. இரத்தம் கால்களில் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, மயக்கம் வருகிறது. நினைவோடு தொங்குபவரைக் கால்வளையத்தில் காலூன்றி மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும். அது உண்மையில் உதவும். நினைவில்லாதவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவருக்கு நிமிடக் கணக்குதான்.

தரைக்கு வந்ததும் என்ன செய்வது என்பதில் பழைய தவறான பாடம் ஒன்று இன்னும் சிலரிடம் இருக்கிறது: படுக்க வைத்தால் தேங்கிய இரத்தம் திடீரென்று திரும்பி இதயத்தை நிறுத்திவிடும், எனவே அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்பது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ 2009-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த வழக்கத்துக்குச் சான்று இல்லை என்று தெளிவாகச் சொன்னது. மயங்கியவரை உட்கார வைத்தால் மூளைக்கு இரத்தம் இன்னும் குறையும். வழக்கமான முதலுதவிதான்: மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சுவழியைப் பார்க்க வேண்டும். மூச்சு இருந்து நினைவில்லை என்றால் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்த வேண்டும். மூச்சில்லை என்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியது தரைக்கு வந்த பிறகு அல்ல, முதல் ரேடியோ செய்தி வந்த கணத்தில். எவ்வளவு நேரம் தொங்கினார் என்பதை மருத்துவக் குழுவிடம் சொல்ல வேண்டும். அதற்காகவே மேற்பார்வையாளர் முதல் செய்தி வந்த நேரத்தைக் குறித்துவைக்கிறார்.

லெவல் 1-இன் எல்லை

இங்கே சொன்ன முறை ஒரே ஒரு நிலைக்கு மட்டும்: ஆள் டிசெண்டரில் தொங்குகிறார், பேக்அப்பில் எடை இல்லை, இருவருக்கும் இடையிலும் கீழேயும் தடங்கல் இல்லாத கயிறு. அவர் அசெண்டரில் ஏறிக்கொண்டிருந்தபோது மயங்கியிருந்தால், அசெண்டர் எடையோடு கீழே விடாது. தூக்கித்தான் எடுக்க வேண்டும். பேக்அப்பில் தொங்கினாலும் அப்படியே. நடுவழியில் கயிறு வேறு ஆங்கருக்கு மாறும் இடம், கயிற்றைத் திசைதிருப்பும் இணைப்பு, முடிச்சு இவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றாலும் அது மேல் நிலைகளின் வேலை. இப்படிப் பார்த்ததும் புரிந்துகொண்டு, “டிசெண்டரில் இல்லை, பேக்அப்பில் தொங்குகிறார்” என்று ரேடியோவில் சொல்லும் லெவல் 1 ஆள் மீட்பின் பாதியைச் செய்துவிட்டார். போய் மாட்டிக்கொண்டு தலையை நிமிர்த்திப் பிடித்திருப்பது மீதிப் பாதியில் பெரிய பங்கு.

மீட்புக்குப் பின்னும், முன்னும்

பாதிக்கப்பட்டவரின் ஹார்னஸ், டிசெண்டர், பேக்அப், கயிறுகள் எதையும் பைக்குள் திணிக்கக் கூடாது. மாட்டியிருந்தது மாட்டியபடி எடுத்துவைக்க வேண்டும். ஏன் மயங்கினார் என்பது தெரியாதவரை கருவிக்கும் பங்கு இருக்கலாம். மீட்பவரின் வேலைக் கயிற்றில் விளிம்பைத் தொட்ட பகுதியை விரலால் நெருடிப் பார்க்க வேண்டும்: உறையில் மழமழப்பு, உள்ளே மெலிவு, ஓரிடத்தில் மட்டும் எளிதாக மடிவது இருந்தால் கயிறு ஒதுக்கப்படும். அதிர்வுத்தாங்கியின் தையல் சிறிதளவு பிரிந்திருந்தாலும் அதுவும் ஒதுக்கப்படும்.

புதிய களத்தில் முதல் நாள் காலையில் செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. கயிறு கட்டி முடிந்ததும் ஒருவர் கீழே, தரைக்கு ஒன்றிரண்டு மீட்டர் மேலே தொங்கட்டும். அவருடைய டிசெண்டருக்கு நேராகச் சுவரில் டேப் ஒட்டுங்கள். பக்கத்தில் ஏணியிலோ மேடையிலோ நிற்கும் இன்னொருவர் குட்டை இணைப்பால் அவரோடு மாட்டிக்கொண்டு, கால்களை மடக்கி மெல்லத் தன் எடையைக் கொடுக்கட்டும். டேப்பிலிருந்து டிசெண்டர் எவ்வளவு இறங்கியது என்று அளந்துபாருங்கள். 48 மீட்டர்க் கயிற்றில் அது ஒன்றரை மீட்டரை நெருங்கலாம். கால் தரையைத் தொட்டுவிட்டால் இன்னும் உயரத்தில் தொடங்கி மறுபடி அளக்க வேண்டும். அந்த எண்ணை அன்றைய மீட்புத் திட்டத் தாளின் மேல் வரியில் எழுதி, பக்கத்திலேயே பேக்அப் லேன்யார்டின் நீளத்தையும் எழுதிவையுங்கள்.